தெருக்கூத்துப் போஸ்டருக்கு வாட்டர்கலர் ஓவியம்: களத்திலிருந்து அச்சகம் வரை

கூத்துக்கு வாட்டர்கலரில் போஸ்டர் வரைய உட்காருகிற பலருக்கு வரையும் திறமையில் குறை இருப்பதில்லை. வேலையின் வரிசை தப்பிப்போவதில்தான் சிக்கல். முகத்தை அருமையாக முடித்துவிட்டு, அது கெட்டுவிடுமோ என்று பயந்து பின்னணியில் இருட்டைப் போடாமல் வெளிறலாக விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஊர், நாள், நேரம், குழுவின் பெயர் எல்லாம் வந்து சேரும்போது எழுத்துக்கு இடமே இருக்காது. நல்ல படம், மோசமான போஸ்டர்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு போகிறேன்: திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனன். அச்சில் 20 × 30 அங்குலம், அச்சகத்தில் டபுள் கிரவுன் என்பார்களே அந்த அளவு. வேறு வேஷம், வேறு அளவு என்றாலும் வரிசை இதேதான்.

1. எழுத்தை முதலில் கையில் வாங்குங்கள்

பென்சிலை எடுப்பதற்கு முன்பே போஸ்டரில் வரவேண்டிய வாசகம் மொத்தத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூத்தின் பெயர், குழு, ஊர், களம் எங்கே, நாள், நேரம், உபயதாரர்கள், தொடர்புக்கு எண். "நீங்க படத்தை வரைங்க, மத்ததெல்லாம் அப்புறம் தரோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வரியா இருபது வரியா என்று தெரியாமல் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது?

தமிழ் எழுத்து இடத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கேட்கும். 'திரௌபதி துகிலுரிதல்' என்பதை ஒரே வரியில் போடுவதா இரண்டாக உடைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் படத்தின் அமைப்பே அதைப் பொறுத்துத்தான் மாறும். மேலே சுழியும் கீழே காலும் நீள்வதால் வரிகளை ரொம்ப நெருக்கவும் முடியாது.

நேரத்தை எழுதும் விதத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை போகிறது, அதனால் தேதியை மட்டும் போட்டால் எந்த இரவு என்று குழப்பம் வரும். 'சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு விடியற்காலை வரை' என்று முழுசாகப் போடுவதுதான் சரி. அது நீளமான வரி, அதற்கும் இடம் வேண்டும்.

எழுத்தை ஓவியத்துக்குள்ளேயே வண்ணத்தால் எழுதிவிடாதீர்கள். மழையாலோ வேறு காரணத்தாலோ நாள் தள்ளிப்போனால் படம் முழுவதும் வீணாகும். தலைப்பைக் கையால் எழுத ஆசையிருந்தால் தனித்தாளில் எழுதி, தனியாக ஸ்கேன் செய்து பிறகு சேருங்கள்.

2. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் தாண்டிப்போவதும் இதைத்தான். இணையத்தில் தேடிக் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்தால் கதகளியின் கிரீடமும் யட்சகானத்தின் உடையும் துரியோதனன் தலையிலும் தோளிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கூத்துக்குள்ளேயே வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று உடையிலும் ஒப்பனையிலும் வேறுபாடு உண்டு. போஸ்டர் எந்தக் குழுவுக்கோ அந்தக் குழுவைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

கோடையில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கூத்து தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடுங்கள். ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்கார, குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள், கேட்காமல் உள்ளே போய் செல்பேசியைத் தூக்காதீர்கள். வேஷக்காரர்கள் தங்கள் முகத்துக்குத் தாங்களே வண்ணம் இடுவார்கள், கண்ணாடியைப் பார்த்து, யாரோடும் அதிகம் பேசாமல். அந்த நேரத்தில் உங்கள் கேள்விகள் இடைஞ்சல்தான். அடிவண்ணம் முதலில், அதன்மேல் கோடுகள், கடைசியில் புள்ளிகள் என்று அவர்கள் போடும் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாளில் முகத்தை வரையப்போவதும் ஏறக்குறைய அதே வரிசையில்தான்.

துரியோதனனுக்கு முகம் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்பது பொதுவழக்கம். ஆனாலும் அந்தக் குழுவில் அந்தச் சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு, செங்கல் பக்கம் சாய்கிறதா குங்குமம் பக்கம் சாய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அங்கேயே ஒரு சிறு சதுரம் தீட்டி வையுங்கள். செல்பேசி கேமரா தானாகவே வெளிச்சத்தைத் திருத்திவிடுவதால் இரவுப் படத்தில் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. படத்தை வடிவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு நோட்டுப்புத்தகம்தான்.

கட்டை என்று சொல்லும் அணிகளை முடிந்தால் கையில் வாங்கிப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செய்து, மேலே வண்ணமும் ஜிகினாத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்தவை. கண்ணாடி எங்கெங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக வரைந்துகொள்ளுங்கள். வாட்டர்கலரில் அந்த இடங்களில்தான் வெறும் தாள் மிஞ்ச வேண்டும், அதை முதல் நாளே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிறகு வெளிச்சம். பழைய போஸ்டர்களில் பந்தமும் பெட்ரோமாக்ஸும் இருக்கும். இன்று பெரும்பாலான களங்களில் டியூப்லைட்டும் ஃபோகஸ் விளக்கும்தான். எதை வரைவது என்பது உங்கள் முடிவு. எனக்குப் பிடித்தது, மேலே ஒரு பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வது. ஒரே திசையிலிருந்து ஒளி வந்தால் கட்டையின் புடைப்பும் முகத்தின் எலும்பும் தெளிவாகத் தெரியும். நாலு பக்கமும் டியூப்லைட் எரிந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

3. ஒரே ஒரு கணம் போதும்

போர்க்களம், சூதாட்டம், திரௌபதி, கட்டியக்காரன், மத்தளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவரப் பார்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. சுவரில் ஒட்டிய போஸ்டரை பைக்கில் போகிறவர் மூன்று விநாடி பார்ப்பார். அதற்குள் ஓர் ஆள்தான் கண்ணில் பதிவார்.

நான் திரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முக்கிய வேஷம் களத்துக்குள் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடித்தான் தன்னை அறிமுகப்படுத்துவார். கிரீடம் தெரியும், முகம் தெரியும், புஜக்கட்டை இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்து தெரியும், கீழே எல்லாம் துணி. அந்தத் துணிதான் நமக்குக் கிடைக்கும் எழுத்துப்பரப்பு. எழுத்துக்காக என்று செயற்கையாக ஒரு பட்டையைப் போட வேண்டியதே இல்லை, கூத்தே அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறது.

திரைக்குக் கீழே சலங்கை கட்டிய பாதத்தையும் காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். பாதம் வரை காட்டினால் உடம்பின் விகிதப்படி திரை ரொம்ப நீண்டு, முகம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிடும். திரையைப் படத்தின் அடிவிளிம்பு வரை ஓடவிட்டு, இரண்டு ஓரத்திலும் திரையைப் பிடித்திருக்கும் விரல்களை மட்டும் காட்டுங்கள்.

4. மேசைமேல் இருக்க வேண்டியவை

தாள்: முழுக்கப் பருத்தியில் செய்த 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ் வகை. முழுத்தாள் 22 × 30 அங்குலம், அதில் பாதியை, அதாவது 15 × 22 அங்குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மரக்கூழ்த் தாளில் இந்த அளவு இருட்டை இரண்டு முறை பூசினால் மேல்பரப்பு உரிந்துவரும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வண்ணத்தில் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள்.

வண்ணம்: அல்ட்ராமரைன் நீலம், இண்டிகோ (கருநீலம்), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), ஆரஞ்சுப் பக்கம் சாயும் ஒரு சூடான சிவப்பு, நீலப் பக்கம் சாயும் ஒரு குளிர்ந்த சிவப்பு, ஒரு பொன்மஞ்சள், ஒரு பச்சை. ஏழு டியூப் போதும். கறுப்பு டியூப்பை இருட்டுக்குத் தொட வேண்டாம், அது படத்தில் செத்த ஓட்டை போலத் தெரியும். கடைசித் திருத்தங்களுக்கு, அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வண்ணமான வெள்ளை கவாஷ் ஒன்று.

தூரிகை: 2 அங்குலத் தட்டைத் தூரிகை, 12ஆம் எண் உருண்டைத் தூரிகை, 4ஆம் எண் ஒன்று. வண்ணம் படாமல் தாளை மூடிவைக்கும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிட், அதற்கென்று ஒரு பழைய தூரிகை. பிளைவுட் பலகை, தண்ணீர் தொட்டால் ஒட்டும் பழுப்புநிறக் காகித டேப், தண்ணீருக்கு இரண்டு வாளி.

5. சின்னப் படங்கள், பிறகு ஒற்றை வண்ணப் படம்

தீப்பெட்டி அளவில் ஏழெட்டுக் கட்டங்கள் போட்டு அமைப்பை மாற்றி மாற்றி வரையுங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்து வரும் இடத்தைக் கோடுகளால் நிரப்பியே பாருங்கள், காலியாக விட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தேர்ந்தெடுத்ததை ஏ4 அளவில் ஒரே வண்ணத்தில், இண்டிகோ மட்டும் வைத்து, வெளுப்பு, நடு, இருட்டு என்று மூன்று நிலைகளில் தீட்டிவிடுங்கள். சிவப்பு முகம் நடுநிலை, இரவு இருட்டு, திரை வெளுப்பு. வண்ணம் இல்லாமலே இது படமாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்து அதைக் காப்பாற்றப்போவதில்லை.

6. தாளை இழுத்து ஒட்டி, படத்தை ஏற்றுதல்

தாளைத் தண்ணீரில் 5 நிமிடம் முழுக்கி எடுத்து, பலகையில் பரப்பி, நாலு பக்கமும் காகித டேப்பால் ஒட்டிப் படுக்கையாகவே காயவிடுங்கள், ஓர் இரவு. இதைத் தாண்டினால் பெரிய பூச்சின்போது தாள் அலையலையாக மேலெழும்பி, பள்ளங்களில் வண்ணம் தேங்கிக் கறையாகும். செல்லோடேப் ஈரத்தில் பிரிந்துவரும், அதை வைத்து முயற்சி செய்ய வேண்டாம்.

டேப் ஓரத்துக்குக் கால் அங்குலம் போக 14.5 × 21.5 அங்குலம் வரைவதற்கு மிஞ்சும். அதற்குள் 14 × 21 அங்குலத்துக்கு மெல்லிய கட்டம் போடுங்கள். இந்தக் கட்டத்தின் விகிதமும் 20 × 30-இன் விகிதமும் ஒன்றே. கட்டத்துக்கு வெளியே நாலு பக்கமும் இருக்கும் கால் அங்குலத்திலும் வண்ணம் போய்ச் சேர வேண்டும். அச்சகத்தில் போஸ்டரை வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமல் காப்பது அந்தக் கால் அங்குலம்தான்.

படத்தை வேறு தாளில் முழு அளவில் வரைந்து முடித்து, பின்பக்கம் பென்சில் தேய்த்து, கோட்டின்மேல் அழுத்தி இந்தத் தாளுக்கு மாற்றுங்கள். நல்ல தாளிலேயே வரைந்து அழித்து வரைந்தால் நார் கிளம்பி, அந்த இடம் மட்டும் வண்ணத்தைத் திட்டுத்திட்டாக உறிஞ்சும். கையின் வியர்வையும் எண்ணெயும்கூடப் பூச்சில் தெரியும், அதனால் கைக்கு அடியில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமான பென்சில் கோடுகளை இப்போதே ஒற்றி எடுத்துவிடுங்கள், வண்ணம் ஏறியபின் அவை போகாது.

7. வெள்ளையைக் காப்பாற்றுதல்

கண்ணாடித் துண்டுகள், கிரீடத்தின் ஒளிபட்ட விளிம்பு, கண்ணின் வெள்ளை, முகத்தின் வெள்ளைப் புள்ளிகள், இவற்றில் மாஸ்கிங் ஃப்ளூயிட் வையுங்கள். தூரிகையை முதலில் சோப்பில் நனைத்தால் ரப்பர் அதில் ஒட்டிப்பிடிக்காது. புள்ளிகளுக்குத் தொட்டெழுதும் பேனா இன்னும் சுலபம்.

எல்லா வெள்ளையையும் மறைக்காதீர்கள். மூடி எடுத்த இடங்களின் ஓரம் வெட்டியது மாதிரி கூர்மையாக இருக்கும், படம் முழுக்க அப்படி இருந்தால் கண் வலிக்கும். திரையின் மடிப்பில் வரும் வெளுப்பைத் தூரிகையைச் சுற்றிக் கொண்டுபோயே விட்டுவிடலாம். இன்னொன்று, மாஸ்கிங் ஃப்ளூயிடை ஓரிரு நாளுக்குமேல் தாளில் விடக்கூடாது. நம்மூர் வெயிலில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் சேர்த்து இழுக்கும். சூட்டுக்காற்று அடித்து உலர்த்தவும் வேண்டாம்.

8. முகத்துக்கு முன் இருட்டு

வரிசையில் எல்லோரும் தப்பும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளைத் தாளுக்கு நடுவில் எந்தச் சிவப்பும் பளிச்சென்று அழுத்தமாகத்தான் தெரியும். அந்த நிலையில் முகத்தை முடித்துவிட்டுப் பிறகு சுற்றிலும் இரவைப் போட்டால் அதே சிவப்பு சட்டென்று வெளிறிப்போன மாதிரி தோன்றும், திரும்ப அழுத்த வேண்டிவரும், அழுத்த அழுத்தச் சேறாகும். இருட்டு முதலில் இருந்தால் முகத்துக்கு எவ்வளவு வண்ணம் வேண்டும் என்பதை அதோடு ஒப்பிட்டுச் சரியாகப் போடலாம். தவிர, முடித்த முகத்துக்குப் பக்கத்தில் 2 அங்குலத் தூரிகையை ஓட்ட யாருக்கும் கை வராது.

முதலில் விளக்கின் ஒளிவட்டம். அந்த இடத்தை ஈரமாக்கி, பொன்மஞ்சளை விட்டு, வெளிப்பக்கம் பர்ன்ட் சியென்னாவாக மாறவிடுங்கள். முழுக்கக் காயட்டும். மஞ்சளை நீலம் நேராகத் தொட்டால் பச்சையாகும், இரவு வானத்தில் பச்சை வளையம் வந்துவிடும். நடுவில் இருக்கும் செம்பழுப்பு அதைத் தடுக்கும்.

அடுத்து இரவு. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் ஒரு கிண்ணத்தில், இண்டிகோவும் குளிர்ந்த சிவப்பும் இன்னொரு கிண்ணத்தில், இரண்டும் தாராளமாக, தேவை என்று தோன்றுவதைப்போல் இரண்டு மடங்கு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பூச்சில் வண்ணம் தீர்ந்து, மறுபடி கலக்கப் போகிற நேரத்தில் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழாக, கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுற்றிக்கொண்டு நிறுத்தாமல் போங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அது ஒரு பக்கத்தை மட்டும் முதலில் உலர்த்திவிடும். சித்திரை வெயிலில் பூச்சு ரொம்ப வேகமாகக் காய்ந்தால் கலக்கும் தண்ணீரில் ஓரிரு சொட்டு கிளிசரின் விடலாம், அல்லது விடியற்காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பாதி காய்ந்த பூச்சைத் தொடாதீர்கள். தண்ணீர் கூடுதலான தூரிகை அதில் பட்டால் வண்ணத்தை ஒதுக்கித் தள்ளி, ஓரம் நெளிநெளியாகக் கறை விழும். ஒரு தப்பு தெரிந்தாலும் காயும்வரை பொறுங்கள். புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஈரத்தில் போதுமான இருட்டு என்று நினைத்தது காய்ந்ததும் வெளிறும், வாட்டர்கலரின் குணமே அதுதான். அதனால் இரண்டாவது பூச்சு நிச்சயம் வேண்டும். இரண்டாவதில் விளக்குக்கு எதிர்மூலையை மட்டும் இன்னும் ஆழமாக்குங்கள்.

9. திரை

திரைக்கு வெளிர் மஞ்சளும் துளி பர்ன்ட் சியென்னாவும் சேர்த்த ஒரே மெல்லிய பூச்சு. மடிப்புகளை மேல்விளிம்பிலும் இரண்டு ஓரங்களிலும் நன்றாகக் காட்டி, நடுவே எழுத்து வரும் இடத்தில் கரைந்துபோக விடுங்கள். அந்த இடத்தில் மடிப்பு அழுத்தமாக இருந்தால் எழுத்தின் கோடும் மடிப்பின் கோடும் ஒன்றையொன்று வெட்டி, படிக்க முடியாமல் போகும். திரையை அழகான அடர்சிவப்பில் போட்டு வெள்ளை எழுத்து வைக்கலாமே என்று கேட்பார்கள். அடர்நிறத்தின்மேல் வெள்ளையாக விடும் சிறிய தமிழ் எழுத்தின் மெல்லிய கோடுகளுக்குள் மை ஏறி அடைத்துக்கொள்ளும், வெளிர் துணியின்மேல் கறுப்பு எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

10. முகமும் கட்டையும்

முகம் முழுவதற்கும், கண்ணைத் தவிர்த்து, முதலில் பொன்மஞ்சள் மெல்லிய பூச்சு. காய்ந்தபின் சூடான சிவப்பு, ஒளி படும் கன்னத்திலும் மூக்குநுனியிலும் மஞ்சள் எட்டிப்பார்க்கும்படி. அது காய்ந்தபின் நிழற்பக்கத்துக்குக் குளிர்ந்த சிவப்பில் துளி அல்ட்ராமரைன். சிவப்பின் நிழலுக்குப் பச்சையோ கறுப்போ சேர்த்தால் முகம் பழுப்பாகி, ஒப்பனை போட்ட முகம் என்ற உணர்வே போய்விடும். புருவமும் மீசையும் கடைசியில், ஒரே இழுப்பில். வேஷக்காரர் ஒரே இழுப்பில் இட்ட கோட்டைப் பத்துச் சின்னக் கோடுகளால் வரைந்தால் உயிர் இருக்காது.

கட்டையில் எல்லாப் பூவேலையையும் வரைய வேண்டியதில்லை. விளக்கு இருக்கும் பக்கத்துப் புஜக்கட்டையைத் துல்லியமாக முடியுங்கள், மறுபக்கத்தை இரவோடு கலக்கவிடுங்கள். பார்ப்பவரின் கண் தெரிந்த பாதியை வைத்துத் தெரியாத பாதியை நிரப்பிக்கொள்ளும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் ஃப்ளூயிடை விரலால் உருட்டி எடுங்கள். வெளிப்படும் கண்ணாடித் துண்டுகளை அப்படியே வெள்ளையாக விட்டால் ஓட்டைகள்போலத் தெரியும். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வெளிர் மஞ்சளோ நீலமோ தொட்டுவிட்டு, விளக்குக்கு நேராக இருக்கும் நாலைந்தை மட்டும் தாளின் வெண்மையில் விடுங்கள்.

11. சுவரில் வைத்துப் பாருங்கள்

பலகையைச் சுவரில் சாய்த்துப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு செல்பேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்து, முன்பு இண்டிகோவில் தீட்டிய அந்த ஒற்றை வண்ணப் படத்தோடு ஒப்பிடுங்கள். முகம் இரவோடு கலந்துபோயிருந்தால் முகத்தைச் சீண்ட வேண்டாம், அதைச் சுற்றியுள்ள இரவில் இன்னொரு மெல்லிய பூச்சு போதும்.

12. ஸ்கேன்

14 அங்குலம் 20 ஆகப் பெரிதாகப்போகிறது, ஏறக்குறைய 1.43 மடங்கு. அச்சில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் குறைந்தது 430 டிபிஐயில் ஸ்கேன் செய்ய வேண்டும், 600 வைத்துக்கொண்டால் கவலையில்லை. ஏ4 ஸ்கேனர்தான் இருக்கிறது என்றால் பகுதி பகுதியாக, ஒவ்வொன்றும் பக்கத்துப் பகுதியின்மேல் இரண்டு அங்குலம் ஏறும்படி எடுத்து இணைக்கலாம். ஆனால் எல்லாப் பகுதிகளையும் ஒரே திசையில் வைத்தே எடுங்கள். ஸ்கேனரின் ஒளி ஒரு பக்கமிருந்து விழுவதால் தாளின் சொரசொரப்புக்கு நிழல் உண்டு. தாளைத் தலைகீழாகத் திருப்பி எடுத்த பகுதியில் அந்த நிழல் எதிர்ப்பக்கம் விழும், இணைத்த இடம் கோடு போட்ட மாதிரி தெரியும்.

13. எழுத்து, அச்சு

எழுத்தைப் படத்தின்மேல் போட்டோஷாப்பில் அடித்து ஒரே படமாக்க வேண்டாம், ஓரம் மழுங்கும். கோரல்டிரா போன்ற மென்பொருளில் படத்தைப் பின்னால் வைத்து எழுத்தைத் தனியாக அமையுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளை கர்வ்ஸ் செய்துவிடுங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கர்வ்ஸ் செய்வதற்கு முந்தைய கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள், அதில்தான் தேதியை மாற்ற முடியும்.

கணினித் திரையில் ஒளிரும் அல்ட்ராமரைன், அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கேவுக்கு மாறியதும் மங்கும், ஊதாப் பக்கம் சாயலாம். இருட்டுப் பகுதியில் இருந்த நுட்பமான மாறுதல்கள் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகும். அதனால் கோப்பில் இரவை ஒரு படி வெளுப்பாக்கி, நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விட்டு, ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள். அதை அச்சக வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, இரவு தெருவிளக்கில் ஒரு முறை பாருங்கள், போஸ்டர் வாழப்போவது அந்த இரண்டு வெளிச்சத்தில்தான்.

அச்சுக்குச் சரி சொல்வதற்கு முன் மாதிரியை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர்களை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிரீடத்தில் ஒரு பூ தப்பாக இருந்தாலும் அவர் கண்ணுக்குத்தான் தெரியும், அதைக் கோப்பில் திருத்த இன்னும் நேரம் இருக்கும்.